சொந்த வேர் வரிசை

பிரான்சில் ஒரு குன்றுச் சரிவு. அங்கே முந்நூறு வருஷத்துத் திராட்சைத் தோட்டம். அதன் எஜமானி மதலேனுக்கு வயது முப்பத்தெட்டு. அவளிடம் வைன் செய்யக் கற்றுக்கொண்ட சவரிராயனுக்கு ஐம்பத்தாறு, காரைக்காலில் பிறந்தவர். என்ன செய்வது, வித்தை இருக்கிற இடத்தில்தானே கைகட்டி நிற்க வேண்டும்? பதினோரு வருஷம் நின்றார்.

தோட்டத்தின் பெருமையே மேட்டிலிருந்த ஒரு கொடி வரிசைதான். முன்னொரு காலத்தில் வேர் தின்னும் பூச்சி வந்து தேசத்துத் திராட்சையையெல்லாம் வாரிக்கொண்டு போனது. பூச்சிக்கு அசராத வேரை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து, அதன்மேல் தங்கள் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் எல்லாரும் பிழைத்தார்கள். இந்த வரிசை மட்டும் தன் சொந்த வேரிலேயே தப்பியது என்று ஊரே சொல்லும். வீட்டாரைத் தவிர யாரும் அதில் மண்வெட்டி போடக் கூடாது.

இந்த வருஷம் அந்த வரிசையின் வைனில் எந்தப் பீப்பாயோடு எதைக் கலப்பது என்பதைச் சவரிராயனே முடிவு செய்யட்டும் என்றாள் மதலேன். அதுவரை வீட்டார் மட்டுமே செய்த வேலை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் நின்றது. வைன் வியாபாரி ருசெல் அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர். சொந்த வேரின் ருசி இந்த மண்ணில் பிறந்த நாக்குக்குத்தான் பிடிபடும், வந்தேறிக்குப் பிடிபடாது என்று ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். சவரிராயனுக்கு முகம் சுண்டிப்போனது. மறுநாள் காலை மதலேனிடம் போய், வேலையை விட்டு ஊருக்கே திரும்புவதாகச் சொன்னார்.

"ருசெல் ஐயா சொன்னது பொய்யா, மதாம்? அதை மட்டும் சொல்லுங்க."

 மதலேன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். வரிசையின் முதல் கொடியடியில் ஓங்கி ஒரு வெட்டு.

சவரிராயன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தார். கும்பிடுகிற சாமியை யாராவது கடப்பாரையால் பெயர்ப்பார்களா? அவள் கையை விடுவித்துக்கொண்டு மேலும் வெட்டினாள். ஒரு சாண் ஆழத்தில் தண்டின் அடி தெரிந்தது. குனிந்து மண்ணைத் துடைத்தாள். முழங்கால் மூட்டு மாதிரி ஒரு புடைப்பு. அதற்கு மேலே ஒரு பட்டை, கீழே வேறொரு பட்டை.

காரைக்காலில் எத்தனையோ மாங்கன்றுக்கு ஒட்டுப்போட்ட கை அவருடையது. பார்த்த கணமே புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"ஒட்டா?"

"ஒட்டுதான். எங்க கொள்ளுத்தாத்தா போட்டது. சொந்த வேர்ல ஒண்ணுகூட மிஞ்சலை."

ஊர்தான் அப்படிச் சொல்லிக்கொண்டது, வீட்டார் மறுக்கவில்லை, ஒட்டு தெரியாதபடி மண்ணை அணைத்தே வைத்தார்கள் என்றாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

 சவரிராயன் அந்தப் புடைப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"ருசெல் ஐயா நாற்பது வருஷமா இதைத்தானே குடிக்கிறார், மதாம்? ஒவ்வொரு வருஷமும் கண்ணை மூடிக்கிட்டு, சொந்த வேரோட ருசின்னு சொல்வாரே."

"ஆமா," என்றாள் மதலேன். "அவர் இந்த மண்ணுலதான் பிறந்தார்."