பச்சை முகத்துக்கு ஒரு நரைமுடி

முன்னுக்குப் பின் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இது நிறத்தைப் பற்றிய கதை. ஒன்று தப்பினால் எல்லாம் தப்பும்.

பச்சைத் துணிப் பந்தலுக்குக் கீழே யாரோ எடுத்த படத்தில், வியாபாரிகள் சங்கத் தலைவர் ஆவுடையப்பன் பழுக்காத பப்பாளி போல இருந்தார். படத்தோடும் நாலைந்து ஆட்களோடும் ஜெபமணியின் ஸ்டுடியோவுக்கு வந்தார். அந்தக் கட்டடமும் தலைவருடையதுதான்.

"இப்பவே என் நிறத்தைக் கொண்டு வா. இல்லைன்னா நாளைக்கே கடையைக் காலி பண்ணு."

ஜெபமணி படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் திறந்தாள். "ஐயா, படத்துல உண்மையான வெள்ளையோ சாம்பலோ எதுன்னு காட்டினா, அதை வச்சுக் கம்ப்யூட்டர் மத்த நிறத்தைத் திருத்திரும்," என்று சொல்லிப் படத்தில் அவருடைய வேட்டியைச் சொடுக்கினாள். வேட்டியில் சலவைநீலம் தூக்கல். முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆனது. ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அவசரமாகப் படத்தைப் பழைய பச்சைக்கே திருப்பினாள்.

"வேற வழி?" என்று உறுமினார் தலைவர்.

"ஒரு நரைமுடி இருந்தாப் போதும் ஐயா. ஆனா உங்களுக்குத்தான் அறுபதுலயும் ஒண்ணுகூட நரைக்கலைன்னு ஊருக்கே தெரியுமே. அப்போ பச்சைதான்."

தலைவர் தம் கருகரு மீசையைத் தடவினார். திரையில் இருந்த பச்சை முகத்தைப் பார்த்தார். கடைசியில் குனிந்து, "வலது காதோரம் பாரும்மா. அங்க சாயம் எட்டலை," என்றார்.

ஜெபமணி அங்கே ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். முகம் அசல் மாநிறத்துக்கு வந்தது. ஆட்கள் அடக்கிவைத்த சிரிப்பும் வெளியே வந்தது.

அச்சிடுமுன் அந்த நரையை அவளே கறுப்பாக்கிக் கொடுத்தாள். ஆனாலும் பயந்த மனசு கேட்குமா? வாசல்வரை போய் வழியனுப்பும்போது மெதுவாகச் சொல்லிவைத்தாள்:

"நரையோட இருக்கிற படமும் என்கிட்டப் பத்திரமா இருக்கும் ஐயா. கடை இருக்கிற வரைக்கும்."