எட்டாவது இடம்

தேவசகாயத்துக்கு நாற்பத்தேழு வயது. பாளையங்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் மூத்த நர்ஸ். அவருக்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்த அமீனாவுக்கு இருபத்தொன்பது. அவளுடைய வாப்பா சிக்கந்தர் வாரம் மூன்று நாள் அங்கே வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவர். அப்படித்தான் பழக்கம். தேவசகாயம் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஆறு மாதத்தில் ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். யார், எத்தனை மணிக்கு, எந்த மெஷினுக்கு வரவேண்டும் என்று முந்தின நாளே நோயாளியின் போனுக்குத் தகவல் போகும். அன்று ஞாயிறு, மையத்துக்கு விடுமுறை. சாயங்காலம்தான் முதன்முதலாகத் தகவல் போகவேண்டும்.

அமீனா திரையை உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். ஆயிரத்து நூறு வரி, ஒரே மூச்சில்.

"பிரிச்சு எழுதுங்கன்னு போன வாரமே சொன்னேனே அண்ணே."

"நல்லாத்தானே ஓடுது டீச்சர். ஓடுறதை எதுக்குப் பிரிக்கணும்?"

அவரோடு கூடவே பாடம் கேட்ட இளைய நர்ஸ் செல்வராணியை அமீனா கூப்பிட்டாள்.

"நாலாம் நம்பர் மெஷின் ரிப்பேர்னு வைங்க. அதுக்குக் காலையில வர்றவங்களை மதியத்துக்கு மாத்துங்க."

"இவளா?" தேவசகாயம் சிரித்தார். "அதுக்கு என்னையில்ல கேக்கணும்."

செல்வராணி அரை மணி நேரம் தேடினாள். கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் மாற்றினாள். தகவலை அனுப்பாமல் திரையில் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். காலையில் நாலாம் மெஷினுக்கு வருகிறவர் சிக்கந்தர்; அவருக்கு இரண்டு தகவல். காலை ஆறுக்கு வாருங்கள் என்று ஒன்று, மதியம் இரண்டுக்கு வாருங்கள் என்று ஒன்று.

"அந்த நேரம் ஏழு இடத்துல எழுதியிருக்கு. நீ அஞ்சுதான் மாத்திருக்க. கண்ணை எங்க வச்சிருந்த?"

"ஏழு பிள்ளையையும் ஒரே அச்சாப் பெத்து வச்சிருக்கீங்க. எது எதுன்னு நான் எப்படிண்ணே கண்டேன்?"

"தள்ளு."

அவரே உட்கார்ந்து ஏழையும் மாற்றினார். ஓட்டினார். சிக்கந்தருக்கு அப்போதும் இரண்டு தகவல்.

எட்டாவதாக ஒரு இடம் இருந்தது. அவரே நகலெடுத்து ஒட்டியதுதான். எப்போது ஒட்டினார் என்பது ஞாபகத்தில் இல்லை.

கடையநல்லூரில் விடியுமுன் பஸ் ஏறுகிற மனிதர் சிக்கந்தர். மெஷின் நிஜமாகவே பழுதான ஒரு நாள் காலைத் தகவலை நம்பி வந்து பார்த்தால், அது ஓடாது. மதியம் வரைக்கும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதுதான் தேவசகாயத்துக்குத் தாங்காது.

அமீனா மூலையில் நின்ற எமர்ஜென்சி டிராலியைக் காட்டினாள்.

"செல்வராணி, அட்ரினலின் எங்க?"

"மேல் தட்டு, இடது பக்கம்." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணன் லீவுல இருந்தா?"

"அப்பவும் அங்கதான். தட்டுக்குத் தட்டு பேர் எழுதி ஒட்டினதே அண்ணன்தான். ஒரு ஊசி இடம் மாறினா எங்களை உயிரோட விடமாட்டாரு."

தேவசகாயம் டிராலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அப்படி அடுக்கிய கை, இந்தப் புரோகிராமை ஏன் இப்படி எழுதியது? பதில் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தது பிடிக்கவில்லை. தனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏதோ ஒன்று கிடைத்திருந்தது.

"இன்னைக்குத் தகவல் போகவேண்டாம். நான் போன் பண்ணியே சொல்லிடுறேன்" என்றார்.

செல்வராணி டீ வாங்கப் போனாள். அவர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். நோயாளி ஒரு கட்டம், மெஷின் ஒரு கட்டம், நேரம் ஒரு கட்டம்.

"எது வரைக்கும் பிரிக்கணும் டீச்சர்? போதும்னு எப்படித் தெரியும்?"

"செல்வராணி உங்களைக் கேக்காமலே மாத்துற அன்னைக்குப் போதும்."

அவர் பேனாவை விரலில் உருட்டினார். தணிந்த குரலில் கேட்டார்.

"அப்புறம் என்னை யாரு டீச்சர் தேடுவா?"

"வாப்பா தேடுவாங்க அண்ணே. வேற யாரு ஊசி போட வந்தாலும் கையையே நீட்ட மாட்டேங்குறாங்க."