வைத்தியசாலைக்கு அடித்த முளை

“பாவைச் சுருட்டச் சொன்னேன்.”

“இப்பத்தான் கஞ்சி போட்டிருக்கு, காயாம எப்படிங்க...”

“சுருட்டு என்றால் சுருட்டு. இந்த இடம் இனிமேல் வைத்தியசாலை...”

“...சுருட்டினா இழை இழையா ஒட்டிக்கும். ஒரு கல்யாணத்துப் புடவை அத்தனையும் பாழ். தள்ளி நில்லுங்க, நூல் மேல நிழல் விழுது.”

வைத்தியசாலைக்கு இருபது கட்டிலும் ஊருக்கு இருநூறு காய்ச்சலும் இருந்த ஒரு காலத்தில், ஒரு ராஜாவின் தலைநகரில், நெசவாளர் தெருவில் நடந்த பேச்சு இது. நிழல் விழ நின்றவர் அமைச்சர் மாதவராயர். பதில் சொன்னவள் வெள்ளையம்மா. தெரு நீளத்துக்கும் நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும், அதுதான் பாவு. தெருவில் பாதி போனால் பாவும் இல்லை, தறியும் இல்லை.

வைத்தியசாலையைப் பெரிதாக்குவதில் தெருவுக்கு மறுப்பில்லை. போன மழைக்காலத்தில் கட்டில் போதாமல் நோயாளிகள் நனைந்து கிடந்தபோது, தறியை ஓரம் தள்ளிக் கூடத்தைக் கொடுத்தவர்களே அவர்கள்தான். மாதவராயர் அதையே பிடித்துக்கொண்டார். ‘நோயாளி படுத்திருக்க, வைத்தியர் வந்து பார்த்த இடம் எதுவோ, அது வைத்தியசாலையைச் சேரும்’ என்று ஓர் ஆணை எழுதினார். ராஜா சதுரங்கத்தில் மூழ்கியிருந்த நேரம் பார்த்து முத்திரையும் வாங்கிவிட்டார். வைத்தியசாலையின் மறுபக்கச் சுவரை ஒட்டி அமைச்சரின் மாந்தோப்பு பரந்து கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மா பாவைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு நேரே சபைக்குப் போனாள். துணைக்கு அரசவை விகடகவி முத்தாண்டி வந்தான்.

“ஆணையை ரத்து செய்யச் சொல்ல வந்தாயா?” என்றார் ராஜா. “இட்ட ஆணையை மாற்றும் வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை.”

“மாற்ற வேண்டாம், பெருமானே. ஓர் எழுத்தும் குறையாமல் நிறைவேற்ற வேண்டும்” என்றான் முத்தாண்டி.

வெள்ளையம்மா அவனை முறைத்தாள். “இதுக்கா நீ கூட வந்தே?”

மாதவராயர் சிரித்தார். “அப்படியானால் எல்லை முளை அடிக்கும் வேலையை இவனிடமே ஒப்படையுங்கள், மன்னா. தெருக்காரர்கள் யாரைத் திட்டுகிறார்கள் என்று பார்ப்போம்.”

“ஆகட்டும். இன்றே தொடங்கு.”

முத்தாண்டி ஒரு கட்டு முளையும் அவற்றை அடிக்க மரக் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டான். கூடவே அரண்மனை வைத்தியரையும் கூட்டிக்கொண்டான்.

“யார் யாரை எங்கெங்கே பார்த்தீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் வைத்தியரே. வரிசை தப்பக் கூடாது.”

பொழுது சாயும்போது மாதவராயர் மூச்சிரைக்கச் சபைக்குள் வந்தார். “மன்னா, இவன் என் தோப்பைச் சுற்றி முளை அடித்திருக்கிறான்.”

“தோப்பு மாளிகையில் அமைச்சர் எட்டு நாள் வயிற்றுவலியோடு படுத்திருந்தார், பெருமானே. எல்லைப் போருக்கு முரசு அறைந்தார்களே, அதே எட்டு நாள். வைத்தியர் இருவேளையும் கஷாயம் கொடுத்திருக்கிறார். வரிசைப்படி அதுதான் முதல். தோப்பு பெரிது, அதற்குள் பொழுது போய்விட்டது.”

“அது... அவ்வளவு பெரிய நோய் ஒன்றும் இல்லை.”

“வலியே இல்லையா, ஐயா?” முத்தாண்டி மிகுந்த அக்கறையோடு கேட்டான். “இல்லை என்று சொல்லுங்கள், இப்போதே போய்ப் பிடுங்கிவிடுகிறேன். போர் நேரத்தில் எட்டு நாள் எதற்குப் படுத்தீர்கள் என்று பெருமான் கேட்டால், அதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.”

அந்தப் போரில் ஒரு கையை இழந்த தளபதி சபையில் உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

“வலி இருந்தது” என்றார் மாதவராயர். “பொறுக்க முடியாத வலி.”

ராஜா சிரித்த சிரிப்பில் சாமரம் வீசியவர்களின் கை நின்றுபோனது. “அந்தத் தோப்பில் நூறு கட்டில் போடலாமே” என்று கழுத்து முத்துமாலையைக் கழற்றி முத்தாண்டிக்குப் போட்டார்.

“அதான் இடம் கிடைச்சுடுச்சே” என்றாள் வெள்ளையம்மா. “எங்க தெருவை விட்டுருங்க, மகாராசா.”

மாதவராயருக்கு உயிர் வந்தது. “அதெப்படி? ஓர் எழுத்தும் குறையக் கூடாது என்று இவன்தானே சொன்னான்? என் தோப்பு போனால் இவள் கூடமும் போகத்தான் வேண்டும், மன்னா.”

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. “அமைச்சர் சொல்வது நியாயம், அம்மா. ஆணை எல்லோருக்கும் ஒன்றுதான்.”

“எல்லாருக்குமா?”

“எல்லோருக்கும்.”

வெள்ளையம்மா முத்தாண்டியின் கையில் மிச்சமிருந்த முளைகளில் ஒன்றை உருவிக்கொண்டாள்.

“மாசியில உங்களுக்கு விஷக்காய்ச்சல் கண்டப்ப, உடம்பு உறுத்தாம விரிக்கணும்னு வைத்தியர் கேட்டு வாங்கிட்டுப் போனது என் தறித் துணிதான், மகாராசா. அதை எந்த அறையில விரிச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க.”