மாஸ்டர் ஊதாத இடம்

"மாஸ்டர், உங்க இடத்தை எனக்குக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

டிக்ரூஸ் மாஸ்டர் தன் கார்னெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்க ஜாஸ் ஊதிய பித்தளைக் குழல். இன்று அவருடைய கடைசிக் கச்சேரி. நாளை முதல் அவருடைய ஜாஸ் குழுவில் கார்னெட்டுக்கு ஆளில்லை.

"உனக்கு என்ன தெரியும்?"

"உங்க பழைய இசைத்தட்டு முழுக்க மனப்பாடம்."

"ஊது."

தன் கார்னெட்டை எடுத்து ஊதினாள். ஒரு பிசகு இல்லை. பாதியில் ஓரிடத்தில் மட்டும் குழலை இறக்கி, கண்ணை மூடி, அசையாமல் நின்றாள். பிறகு தொடர்ந்தாள்.

"நடுவுல என்ன, மூச்சு வாங்குதா?"

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர். அது இசைத்தட்டுல நீங்க விட்ட மௌனம்! கார்னெட்காரங்க எல்லாரும் அங்க நிறுத்துவோம். என்கிட்ட கத்துக்கிறவங்களுக்கும் சொல்லியிருக்கேன், கண்ணை மூடணும்னு."

"கண்ணை வேற மூடணுமா?"

"பின்னே?"

மாஸ்டர் தன் குழலின் அடியில் இருந்த, தேங்கிய நீரை வடிக்கும் சிறு விசையை அழுத்தி ஊதினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது.

"அன்னிக்கு இதைத்தான் செஞ்சேன். எச்சில் தேங்கிக் களகளன்னுது. பதிவு ஓடிக்கிட்டிருந்துச்சு, நிறுத்த முடியல."

ஜெனிட்டாவின் முகம் சிவந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"யாரும் கேக்கலையே."

மணி அடித்தது. மாஸ்டர் எழுந்தார்.

"குழலை எடுத்துக்கிட்டு வா."

மேடையில் அவர் அதே பாட்டைத் தொடங்கினார். முதல் சுரத்திலேயே அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வயதான நெஞ்சு, மூச்சு சற்றே நடுங்கியது. ஆனால் ஒவ்வொரு சுரமும் அப்போதுதான் தோன்றியதுபோல் வந்தது. இசைத்தட்டில் இல்லாத வளைவுகள் எல்லாம் வந்தன. மேடையோரம் நின்ற ஜெனிட்டாவின் விரல்களால் பின்தொடர முடியவில்லை.

அந்த இடம் வந்தது.

மாஸ்டர் குழலை இறக்கினார். அரங்கம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டது.

டிரம்ஸ்காரர் தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஜெனிட்டாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் பதறிப்போய் அருகில் வந்தாள்.

"தண்ணி மட்டும் தேங்காம இருந்திருந்தா, இங்க என்ன ஊதியிருப்பீங்க மாஸ்டர்?"

"நானும் அன்னிலேருந்து அதைத்தான் யோசிக்கிறேன்" என்றார் மாஸ்டர். "ஊது, கேப்போம்."