கூட்டாமல் விட்ட தடம்

அந்தக் காலத்தில் கடலுக்கு அலை கிடையாது. ஊருணித் தண்ணீர் மாதிரி கரையோரம் சும்மா கிடக்கும். காற்றடித்தால் மேலே லேசாகச் சுருக்கம் விழும், அவ்வளவுதான். மிருகமும் மீனும் பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

காட்டுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடந்த மணலில் தினமும் காலையில் சந்தை கூடும். கடலிலிருந்து உப்பும் பாசியும் வரும். காட்டிலிருந்து தேனும் நாவல்பழமும் வரும். மான் ஒன்று சுறாவோடு விலை பேசிச் சண்டை போடும். பேசி முடிந்ததும் இரண்டும் சிரித்துக்கொண்டே பிரியும். அந்த மணல் யாருக்கும் சொந்தமில்லை. அப்படியே இருப்பதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சந்தை கலைந்ததும், பொழுது இறங்குவதற்குள், மணலில் பதிந்த கால்தடங்களையெல்லாம் கூட்டி அழித்துவிட வேண்டும். "தடம் கிடந்தால் பாதையாகும், பாதை கிடந்தால் என் பாதையாகும்" என்று சொல்வார்கள்.

கூட்டுகிற வேலை அடும்பி என்ற ஆமைக்கு. அப்போது ஆமைகளுக்குத் துடுப்பு இல்லை. விரல் வைத்த நல்ல கால்கள் நான்கு இருந்தன. ஈச்சமாற்றை வாயில் கவ்விக்கொண்டு ஓரத்திலிருந்து ஓரம்வரை அவள் கூட்டி முடித்தால், மணல் அப்போதுதான் படைத்த மாதிரி இருக்கும்.

மணலின் மேட்டில் காயா என்ற மனுஷி அடுப்பு மூட்டிக் கிழங்கு சுட்டு விற்பாள்.

"ஏட்டி அடும்பி, என் அடுப்பு மேலயே மணலை வாரி அடிக்கியே. கிழங்கு திங்கிறவுக பல்லு போனா நீயா கட்டித் தருவே?"

"உங்க கிழங்குல ஏற்கெனவே பாதி மண்ணுதான் மதினி. நான் மிச்சத்தைத்தான் போடுதேன்."

இப்படிப் பேசியபடியே இரண்டு பேருக்கும் வேலை முடிந்துவிடும்.

அடும்பிக்குக் கொன்றை என்று ஓர் அக்கா இருந்தாள். முதுகில் கொன்றைப்பூவை அடுக்கினாற்போல மஞ்சள் மஞ்சளாகக் கோலம். மலையடிவாரத்துக்கு வாக்கப்பட்டுப் போனவள். வருடம் தவறாமல் பங்குனி மாதம், உலர்ந்த இலுப்பைப் பூவைச் சுமந்துகொண்டு தங்கையைப் பார்க்க வருவாள். மூன்று நாள் இருப்பாள். அந்த மூன்று நாளும் அடும்பிக்குக் கால் தரையில் நிற்காது. மற்ற நாளெல்லாம் அந்த மூன்று நாளுக்காகத்தான்.

ஒரு பங்குனியில், புறப்படும் நாளன்று, கொன்றை தண்ணீரோரம் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டாள்.

"முட்டி வலிக்குதுட்டி. அடுத்த பங்குனிக்கு வர முடியுமோ என்னமோ."

"வருசா வருசம் இதையேதான் சொல்லுத. அப்புறம் முதல் ஆளா வந்து நிக்க."

"இந்தத் தடவை நெசமாத்தான் சொல்லுதேன்."

கொன்றை தண்ணீரை விட்டேறி மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ஆமை நடை. உச்சிப்பொழுதில் விடைபெற்றவள் கண்ணிலிருந்து மறையச் சாயங்காலம் ஆகிவிட்டது. இனித் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அடும்பி ஈச்சமாற்றை எடுத்தாள். மான் தடத்தை அழித்தாள். நண்டுக் கோடுகளை அழித்தாள். கொக்குக் கால்களை அழித்தாள். அக்காவின் தடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். நாலு கால், நடுவே ஓடு உரசிய கோடு. இடது பின்னங்கால் மட்டும் கொஞ்சம் இழுபட்டிருந்தது. சின்ன வயதில் பாறையிலிருந்து உருண்டு விழுந்தபோது வந்த இழுப்பு. அக்கா இப்போதுதான் போயிருக்கிறாள். அதற்குள் அவள் வந்ததே இல்லை என்பது போல எப்படிக் கூட்டுவது?

'நாளைக்கு விடிந்ததும் கூட்டிக்கொள்ளலாம்' என்று நினைத்து, ஈச்சமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்தபோது தடத்தைச் சுற்றிக் கூட்டம்.

"பார்த்தீர்களா? எங்கள் காலடி மலையிலிருந்து தண்ணீர்வரை கிடக்கிறது. ஆகவே தண்ணீர்வரை எங்களுடையது" என்றது புலி.

"தண்ணீரிலிருந்து ஏறியல்லவா மலைக்குப் போயிருக்கிறது? மலைவரை எங்களுடையது" என்றது சுறா.

அடும்பி ஓடி வந்தாள். "ஐயோ, அது எங்க அக்கா காலு! ஊருக்குப் போனா. நான்தான் கூட்டல. இந்தா, இப்பவே கூட்டிருதேன்."

"தடத்தில் கை வைத்தால் தெரியும்!" என்று இரண்டு பேரும் சேர்ந்தே கத்தினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தடுக்க யாராலும் முடியவில்லை. காட்டுக்கு உதவுவதாகக் கழுகு வாக்குக் கொடுத்திருந்தது. கழுகுக்கு ஒன்றென்றால் பருந்தும் வல்லூறும் வருவதாகப் பேச்சு. கடலுக்கு ஒன்றென்றால் ஆற்று முதலைகள் எழும் என்று பழைய சத்தியம். முதலை எழுந்தால் யானை சும்மா இருக்காது. கயிற்றின் ஒரு முனையை இழுத்ததும் மறுமுனையில் கட்டியிருந்த பானைகளெல்லாம் உருள்வது போல, மூன்றே நாளில் உலகம் இரண்டாகப் பிரிந்தது. மூன்றாம் நாள் சங்கு ஊதினார்கள். ஊதும்போது யார் கால் நனைந்திருந்ததோ அவர்கள் கடல். யார் கால் காய்ந்திருந்ததோ அவர்கள் கரை.

அடும்பி அப்போது ஈச்சமாற்றை அலசிக்கொண்டிருந்தாள். கால் நனைந்திருந்தது.

அவளைப் போலத்தான் பலரும் பிரிந்தார்கள். குளிக்க இறங்கிய பசு கடற்பசுவானது; அதன் கன்று கரையில் நின்று கதறியது. ஒரு குதிரைக் குடும்பத்தில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். மனிதர்களை மட்டும் இரண்டு பக்கமும் கூப்பிட்டார்கள், நெருப்புக்காக. "நாங்க அடுப்புக்காரங்க. கிழங்கு வேணுன்னா வாங்க, சுட்டுத் தாரோம்" என்று சொல்லிக் காயாவின் ஆட்கள் மேட்டைவிட்டு இறங்கவே இல்லை.

சண்டை ஒன்பது மழைக்காலம் நடந்தது. யானைகள் பாறைகளை உருட்டி ஆறுகளை அடைத்தன. கடலில் நல்ல தண்ணீர் இல்லாமல் குஞ்சுகள் செத்தன. கடல் கரைமீறி வந்து கிணறுகளில் உப்பை ஊற்றியது; காட்டில் புல் கருகியது. பனி மூடிய வடக்கில் வெள்ளைக் கரடியும் கடற்சிங்கமும் மோதிக்கொண்டன. கடல் என்றால் என்ன என்றே தெரியாத பாலைவனத்து ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வந்து கரையில் நிறுத்தினார்கள். அவை கடைசிவரை, எதிரில் தெரிவது பெரிய கானல் என்றே நினைத்திருந்தன.

அடும்பிக்குக் காயம்பட்டவர்களை முதுகில் ஏற்றிச் சுமக்கிற வேலை. நீந்தி நீந்தி விரல்கள் ஒட்டிக்கொண்டு, கால்கள் துடுப்பாயின. ஒருநாள் வடக்கிலிருந்து வந்த இளம் கடற்சிங்கம் ஒன்றைச் சுமந்துகொண்டு போனாள்.

"அக்கா, இந்தச் சண்டை எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு தடத்துக்காம்."

"யார் தடம்?"

அடும்பி துடுப்பை வேகமாக வீசி நீந்தினாள்.

"அதை விட்டு வச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது அவனுக்கு மூச்சு இல்லை. அன்றைக்கு அவள் சந்தையை நினைத்துக்கொண்டாள். மானும் சுறாவும் உப்புக்கு விலை பேசியது, கிழங்கு சுடும் வாசனை, இலுப்பைப் பூவின் இனிப்பு. ஒரே ஒரு மாலை சரியாகக் கூட்டியிருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும் என்று தோன்றியது.

சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை. களைத்துப்போய் நிறுத்தினார்கள். பழைய சந்தை மணலில் கூடி உட்கார்ந்தபோது வந்தவர்களைவிட வராதவர்களின் இடம்தான் அதிகமாக இருந்தது. புதிதாகக் கட்டுப்பாடுகள் போட்டார்கள். இனிச் சந்தை கிடையாது. பகலில் மணல் கரைக்காரர்களுக்கு, இரவில் கடல்காரர்களுக்கு. ஒருவர் கண்ணில் ஒருவர் படக்கூடாது. கூட்டுகிற வேலையை இனி எந்த ஆமையையும் நம்பி விடுவதாக இல்லை. ஈர மணலைக் கடலே நொடிக்கு நொடி வந்து அழிக்க வேண்டும். கடலுக்கு அலை வந்தது அப்படித்தான். அலை எட்டாத மேட்டு மணலை, எந்தப் பக்கமும் சேராத மனிதர்கள் பொழுது இறங்குவதற்குள் கூட்ட வேண்டும். ஒரு தடம் கிடந்தாலும் மறுபடி சங்கு ஊதுவார்கள்.

அடுத்த பங்குனியில் அடும்பி முட்டைகளைச் சுமந்துகொண்டு கரைக்கு வந்தாள். பிறந்த மண்ணைவிட்டுத் தண்ணீரில் முட்டையிட அவளுக்கு மனம் வரவில்லை. இருட்டியிருந்தது. துடுப்புக்கால் நடக்க உதவவில்லை. இழுத்து இழுத்து மேட்டை அடைந்தாள். குழி தோண்டி முட்டையிட்டு மூடினாள். பழக்கதோஷம், மேலிருந்த மணலை இரண்டு துடுப்பாலும் கூட்டிச் சமப்படுத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டில் வழிந்தது.

"யாரது, அடும்பியா?" குடிசை வாசலில் காயா உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. "கூட்டுத சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சுட்டி. இப்பவும் என் வாசப் பக்கமேதான் மணலை அடிக்க."

"மதினி..." என்று குடிசைப் பக்கம் திரும்பினாள் அடும்பி.

"உங்க அக்கா வந்துருக்கா."

அடும்பி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"பகல்லட்டி. காலைலேருந்து என் வாசல்லதான் கெடந்தா. பொழுதடைஞ்சதும் காவக்கார ஓநாய் வந்து விரட்டிட்டான். மேட்டுக்கு அந்தால புதருக்குள்ள படுத்திருப்பா."

"என்னை ஏசுனாளா?"

"ஏசாம? 'மூதி, ஒழுங்காக் கூட்டித் தொலைச்சிருக்கப்பிடாதா'ன்னு நல்லா ஏசுனா. அப்புறம் அழுதா. அப்புறம், 'என் காலடியக் கூட்ட மனசு வரல பாத்தியா அவளுக்கு'ன்னு என் மருமகக்கிட்ட நாலு தடவை பெருமையாச் சொன்னா."

அடும்பி தலையை ஓட்டுக்குள் இழுக்கப் பார்த்தாள். கடலில் இருந்து இருந்து அதுவும் மறந்துபோயிருந்தது. "இத்தனையும் என்னாலதானே மதினி?"

"ஏட்டி, போ. புலி நகத்தைத் தீட்டித் தீட்டி, இந்தக் காட்டுல கீறல் விழாத மரம் ஒண்ணு இருந்துச்சா? சுறாவுக்கு ஒரு வரிசைப் பல்லு பத்தாதுன்னு மூணு வரிசை. அத்தனை பேரும் விறகை அடுக்கி வச்சுட்டு, பொறி எங்க இருந்து வரும்னு பாத்துக்கிட்டிருந்தாக. உங்க அக்கா தடம் இல்லேன்னா ஒரு நண்டு வளை அவுகளுக்குப் போதும்." காயா எழுந்து நின்றாள். "அதை விடு. இங்க வா. வாசலைக் கூட்டாம வச்சிருக்கேன்."

குடிசைக்குள்ளிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். கையில் விளக்குமாறு. "அத்தை, வேண்டாம் அத்தை. ஒரு தடம் கெடந்துதானே ஒம்பது வருசம் செத்தோம்? கூட்டிருதேன்."

"அதை உள்ள கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால வை."

"ஓநாய் கேட்டா?"

"கேட்டுட்டுத்தான் போனான். 'ஏன் இன்னும் கூட்டல'ன்னான். எனக்கும் திக்குனுதான் இருந்துச்சு. 'வந்தவுக ஊருக்குப் புறப்பட்டதும் கையோட கூட்டுனா அவுக திரும்ப வர மாட்டாக. இது எங்க வழக்கம்'னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் நாடியைச் சொறிஞ்சான். 'வழக்கம்னா சரி'ன்னு போயிட்டான்."

அடும்பி தன் உடம்பை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நிலா வெளிச்சத்தில் தடம் அப்படியே கிடந்தது. நாலு கால், நடுவே ஓடு உரசிய கோடு. இடது பின்னங்கால் முன்னைவிட நிறைய இழுபட்டிருந்தது. முட்டி வலி பொய்யில்லை போலிருக்கிறது. அந்த முட்டியோடு மலையிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். தடம் தொடங்கிய இடத்தில் நாலைந்து இலுப்பைப் பூக்கள் சிந்தியிருந்தன. சிந்தியவையா, வைத்துவிட்டுப் போனவையா என்று அவள் கேட்கவில்லை. முகத்தை அந்தத் தடத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் காயா தோளைத் தட்டினாள். "கிளம்புட்டி. சுறா பாத்துரப் போறான்."

அடும்பி திரும்பினாள். அவள் போன வழியெல்லாம் இரண்டு பக்கமும் துடுப்பு பதிந்து, நடுவே வயிறு இழுபட்டு, அகலமாக ஒரு தடம் விழுந்தது. பாதி தூரத்தில் நின்று கேட்டாள்:

"மதினி, அக்கா மூணு நாள் இருப்பாள்ல?"

"எப்பவும் மூணு நாள்தானே."

"அப்ப நான் போனதும் கூட்டிராதீங்க."

"கூட்டுவனா?" என்றாள் காயா.

அடும்பி தண்ணீரில் இறங்கினாள். ஈர மணலில் கிடந்த தடத்தை அலை வந்து அழித்துவிட்டுப் போனது. மேட்டு மணலில் கிடந்தது மட்டும், வெயில் ஏறி அக்கா வந்து பார்க்கும்வரை கிடந்தது.

இன்றும் பங்குனிக்கு முன்னும் பின்னும் ஆமைகள் இருட்டில் கரையேறி, கண்ணீர் வழிய முட்டையிட்டு, மணலைக் கூட்டிவிட்டுப் போகின்றன. சண்டையை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. காயா வாய்க்கு வந்தபடி சொன்ன பொய் மட்டும் நின்றுவிட்டது. அன்றைக்குத் தொடங்கியதுதான், வீட்டிலிருந்து ஒருவர் ஊருக்குப் புறப்பட்டுப் போனால் உடனே வாசலைக் கூட்டாமல், விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அவர் காலடி கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று நாம் விட்டுவைப்பது.