மிக்கேலம்மாள் கொண்டுவந்த மாட்டுக்கயிறு

கடலையே அபகரித்தவர் நீர்தான், துறைமுக அதிபதியே. அடிவானம் வரை உம் கடலாம், எந்த நாட்டுக் கப்பலும் உம் உத்தரவின்றிப் போகக் கூடாதாம். மிக்கேலம்மாளின் மீன்படகையும் பிடித்துக் கட்டினீர்.

அவள் மாட்டுக்கயிற்றோடு உம் சபைக்கு வந்தாள்.

"கயிறு எதற்கு?" என்றீர்.

"அவுந்த மாடு பயிரை மேஞ்சா உடையவர்தானே ஈடு கட்டணும், ஐயா? புயலன்னைக்கு உங்க கடல் எங்க தெருவையே இடிச்சுப் போட்டுச்சு. வீடுகளைக் கட்டிக் கொடுங்க. அப்புறம் இதால அதைக் கட்டிப் போடுங்க."

சபை சிரித்தது.

"கடல் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது" என்றீர்.

"அப்ப என் படகு?"

எழுந்து போனீர். படகு இன்னும் உம் துறையிலேயே கட்டிக் கிடக்கிறது. கடல் பொதுவென்று வாயால் சொன்னீரே, இப்போது உம் கையாலேயே அவிழ்த்துவிடும்.