கேட்காத ஆல்பம்

இசையமைப்பாளர் மோகனரங்கத்துக்கு வயிறு எரிந்தது. பத்தாண்டின் சிறந்த ஆல்பத்தை விமர்சகர்கள் மறுநாள் அறிவிக்கப்போகிறார்கள். போட்டியில் அவருடைய 'ராஜபவனி' இருந்தது. அவரிடம் கீபோர்டு வாசித்துவிட்டுத் தனியாகப் போன தியோடரின் 'ஈர மணல்' ஆல்பமும் இருந்தது. டீக்கடையில் தியோடர் பாட்டைப் போட்டார்கள் என்று பாதி டீயோடு எழுந்து வந்த மனுஷன் மோகனரங்கம்.

ஸ்டூடியோவில் எல்லோரையும் நிறுத்தி, "எது ஜெயிக்கும்?" என்று கேட்டார்.

"ராஜபவனிதான் சார்!" என்றார்கள் வயலின்காரர்கள், ஒரே சுருதியில்.

மைக் வைக்கும் இருளப்பன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மோகனரங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்யா, அந்தப் பய பாட்டைக் கேட்டிருக்கியா? நான் ஒண்ணுகூடக் கேட்டதில்லை. அதைக் கேட்டவன் எவனுக்கும் இங்கே வேலை கிடையாது. இப்ப சொல்லு, எது ஒசத்தி?"

கேட்டேன் என்றால் வேலை போகும். கேட்கவில்லை என்றால் எதை வைத்து ஒப்பிடுவது?

"சொல்றேன் சார். அதுக்கு முன்னால மைக் லெவல் பார்த்துடறேன். எப்பவும்போல ரெண்டு வரி முணுமுணுங்க."

இருபது வருஷப் பழக்கம். அந்தக் கோபத்திலும் மோகனரங்கம் மைக் முன்னால் போய்க் கண்ணை மூடி முணுமுணுத்தார். பதிவானதை இருளப்பன் ஸ்பீக்கரில் போட்டான். வயலின்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வந்தது 'ஈர மணல்' ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு, ஒரு சங்கதி விடாமல்.

"நான் எங்கேயும் போய்க் கேட்கலை சார். தினமும் மைக் டெஸ்ட்ல உங்க வாயாலதான் கேட்டேன்," என்றான் இருளப்பன். "ராஜபவனியை நீங்க ஒருநாள்கூட முணுமுணுத்ததில்லை."